நவமி மத்தியானம்

அத்திம்பேரும் அக்காவும் வந்து இறங்கியபோது ஸ்ரீரங்கத்து உத்திர வீதியில் வாசல் தெளித்த ஈரம்கூடக் காயவில்லை. ஏர்போர்ட்டிலிருந்து அவர்களைக் கூட்டிவந்த டாக்ஸிக்காரர் தைரியராஜ் நான்கு பெட்டிகளையும் முனகிக்கொண்டே இறக்கி வைத்தார். ரங்கா ஓடிப்போய்க் கனமான பெட்டியை வாங்கிக்கொண்டான். அத்திம்பேர் சடகோபன் அவன் தோளில் கை வைத்து, வீட்டைப் பற்றியோ அவன் உடம்பைப் பற்றியோ கேட்காமல், முதலில் வேறொன்றைக் கேட்டார்.

“நாளைக்கு சப்தமிதானே? வாத்தியார்கிட்ட உறுதி பண்ணிட்டியோல்லியோ?”

“பண்ணிட்டேன் அத்திம்பேர். எல்லாம் ஏற்பாடு ஆயாச்சு.”

“க்ரமமா நடக்கணும்டா. ரகுவுக்கு நாம செய்யறதுக்கு இனிமே வேற என்ன இருக்கு?”

அண்ணன் ரகுநந்தன் செத்துப் போய் மறுநாளோடு ஒரு வருஷம் ஆகப் போகிறது. கனடாவில் தகனம் செய்து, அஸ்தியை மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்தவர் இந்த அத்திம்பேர்தான். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று தெருவே பேசியது. வருஷாப்தீகம் எனப்படும் முதல் வருஷத் திவசத்துக்கும் லீவு போட்டுவிட்டு, அக்கா பூமாவையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அப்படிப்பட்ட மனுஷர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ரங்கா நினைத்துக்கொண்டான்.

ரங்கா துவாக்குடியில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆயிற்று. அம்மா போன பிறகு ரகுவுக்கும் அவனுக்கும் தலை வாரிவிட்டு, சாதம் பிசைந்து கையில் போட்டு, ஸ்கூலுக்கு அனுப்பியவள் அக்காதான். கல்யாணமாகிக் கனடா போனவள், ரகு படிக்கப் போனபோது அவனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் கனடா போவதில் அதிசயம் ஒன்றுமில்லை. தெருவுக்கு நாலு பேர் போயிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டருக்குப் போனார்கள். ரகு மூஸுக்குப் போனான். “மூஸா? மியூசிக்கா?” என்று கேட்ட எதிர்வீட்டு மாமாவுக்கு அவன் போனில் படம் காட்டினான். குதிரையைவிட உயரமான, தோளில் திமிலும் தொங்கும் மேலுதடும் கொண்ட வட தேசத்து மான். கழுத்துக்கடியில் ஒரு தோல் பை ஆடும். ஆணின் தலையில் முறம் அகலத்துக்கு இரண்டு கொம்புகள். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, “பெருமாளே, நன்னா இருக்கற மானை இப்படியாடா படைக்கணும்?” என்றார். அன்றிலிருந்து தெருவில் அவனுக்கு மூஸ் ரகு என்றே பெயர்.

ஒண்டாரியோவின் வடக்கே, ஊசியிலைக் காட்டுக்குள் மைல் கணக்கில் கிடக்கும் சதுப்பில்தான் அவன் ஆராய்ச்சி. வாரம் ஒரு தடவை அதைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டான். “பாக்கறதுக்குப் பச்சையா மெத்தை விரிச்சாப்பல இருக்கும்டா. காலை வெச்சா பத்தடி தள்ளி நிக்கற மரம் ஆடும். அடியில பூரா தண்ணி. நம்மாத்து டிகாஷன் கலர்ல இருக்கும். அதுல விழுந்தது எதுவும் லேசுல அழுகாது.” மூஸ் மட்டும் அதில் இறங்கி, தலையை முக்கி, நீர்ப்பூண்டைத் தின்றுவிட்டு, அந்த நீளமான கால்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்து நடந்து போகும். மனிதன் இறங்கினால் இடுப்பு வரை போய்விடுவான். கேட்டுக் கேட்டு ரங்காவுக்கு அந்தச் சதுப்பு காவேரிக் கரையைப் போலப் பழகிவிட்டது.

போன ஐப்பசியில் ரகுவைப் பார்க்கப் போயிருந்தார் அத்திம்பேர். இருவரும் காரில் திரும்பும்போது சாயங்கால மங்கலில் ஒரு ஆண் மூஸ் குறுக்கே வந்துவிட்டது. அது நிற்கிற உயரத்துக்கு விளக்கு வெளிச்சம் அதன் கண்ணில் படாதாம். காலில் மட்டுந்தான் படுமாம். ரகுதான் ஓட்டினான். அரை டன் கனம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவன் மேல் வந்து விழுந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. இதெல்லாம் அத்திம்பேர் போனில் அழுதுகொண்டே சொன்னது.

“ஒரு நிமிஷம்கூட கஷ்டப்படலைடா ரங்கா. தூங்கற மாதிரிப் போயிட்டான்.”

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ரங்கா ஒரு வருஷத்தை ஓட்டினான்.

அந்த நேரத்தை வைத்துத்தான் வீட்டுப் புரோகிதரான வாத்தியார் திதி குறித்தார். ஐப்பசி மாசம், சுக்ல பட்சம், சப்தமி. மாசாமாசம் அந்தத் திதியில் ரங்கா மாசிகம் என்னும் மாதத் திவசத்தைச் செய்தான். ஒரு மாசமும் தவறவில்லை.

மாசிகத்தன்றிலிருந்து எண்ணினால் மூன்றாம் நாள்தான் அது வரத் தொடங்கியது.

முதல் மாசம் வெறும் வாடை. பட்டப்பகல் ஒன்றரை மணிக்குக் கொல்லைப்புறத்திலிருந்து வந்தது. ஊறின நாரும் ஈரக் கம்பளியும் மிருகத்தின் மூச்சும் கலந்த வாடை. சாக்கடை அடைத்திருக்கிறது என்று ஆளைக் கூப்பிட்டுக் குத்திவிடச் சொன்னான். ஆள் வந்தபோது வாடை இல்லை.

மார்கழியில் சத்தம் கேட்டது. சேற்றில் புதைந்த காலை யாரோ மெதுவாக உருவுவது போல.

ச்ளுக்.

சிறிது நேரம் கழித்து இன்னொன்று. கொல்லையில் சேறே கிடையாது. கிணற்றடியிலிருந்து மதில் வரை சிமெண்டுத் தரை.

சித்திரையில், திருச்சி வெயில் தலையைப் பிளக்கும் ஒரு மத்தியானம், கதவைத் திறந்து பார்த்தான். முகத்தில் குளிர் அடித்தது. காய்ந்த சிமெண்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, இரண்டாகப் பிளந்த குளம்புத் தடங்கள் இருந்தன. ஒவ்வொரு தடத்திலும் டிகாஷன் நிறத்தில் தண்ணீர் நின்றது. தடங்கள் கிணற்றடியில் தொடங்கி, சமையலறைக் கதவுக்கு நாலடி தள்ளி முடிந்தன.

அன்று அக்காவுக்குப் போன் செய்து வாடை, சத்தம், தடம் எல்லாவற்றையும் சொன்னான். “மாசிகம் ஆன பிறகு ஒரு நாள் வரதுக்கா. ரகுவோட சம்பந்தப்பட்ட ஏதோ ஒண்ணு.”

“தனியா இருக்கேல்லியோ, அதான்,” என்றாள். “யாரையாவது நல்ல டாக்டரைப் பாரு.”

டாக்டரைப் பார்க்காமல் ரங்கா பஞ்சாங்கத்தைப் பார்த்தான். மூன்றாம் நாள் என்றால் நவமி. ஒவ்வொரு மாசமும் நவமிதான்; மத்தியானம் ஒன்றரை வாக்கில், பிதுர்களுக்கு உரிய வேளை. கனடா நேரத்தையும் நம் நேரத்தையும் மாற்றிப் போட்டதில் தான்தான் ஏதோ குளறுபடி செய்துவிட்டோம், அண்ணன் பசியோடு அலைகிறான் என்று நினைத்தான். கணக்குப் பேப்பரை எடுத்துக்கொண்டு வாத்தியாரிடம் ஓடினான். அவர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

“அங்க சனிக்கிழமை சாயங்காலம் ஆறுன்னா இங்க ஞாயித்துக்கிழமை விடிகாலம் மூணரை. எந்த ஊர் நேரத்தை எடுத்துண்டாலும் சப்தமிதான். உன் கணக்குல தப்பு இல்லை.”

“அப்ப நவமிக்கு ஏன் சுவாமி வரான்?”

வாத்தியார் பேப்பரை மடித்துக் கொடுத்தார். “திதி தப்பினா போனவா வந்து வாசல்ல நிப்பா. கணக்கு சரி. உனக்கு நேரம் சொன்னவா சரியாச் சொன்னாளா?”

அத்திம்பேரைச் சந்தேகப்படுவதா? ரங்காவுக்கு வாத்தியார் மேல்தான் கோபம் வந்தது. அதற்குப் பிறகு யாரிடமும் அவன் வாயைத் திறக்கவில்லை.

வருஷாப்தீகம் நன்றாகவே நடந்தது. சமையல் மணக்க மணக்க இருந்தது. அத்திம்பேர் பஞ்சகச்சத்தில் ஓடியாடி எல்லாவற்றையும் கவனித்தார். வாத்தியார் தட்சிணை வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனபின் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அத்திம்பேரின் முகம் பரீட்சை எழுதி முடித்தவன் முகம்போலத் தெளிந்திருந்தது.

“அடுத்த வெள்ளிக்கிழமைதானே டிக்கெட்? நாலு நாள் நிம்மதியா இருங்கோ,” என்றான் ரங்கா.

“இல்லடா,” என்றாள் அக்கா, ரசத்தை ஊற்றிக்கொண்டே. “டிக்கெட்டை மாத்தியாச்சு. நவமி மத்தியானத்துக்குள்ள நாங்க இங்கேர்ந்து கிளம்பிடணும்.”

ரங்காவின் கை இலையிலேயே நின்றது.

அவன் அக்காவிடம் நவமி என்று சொன்னதே இல்லை.

அத்திம்பேர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அக்கா ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றினாள். ரங்கா எழுந்து கை கழுவிக்கொண்டான்.

மறுநாள் அஷ்டமி. காலையில் வாத்தியார் வீட்டுக்குப் போய், நவமி விஷயத்தை எங்கள் அக்காவிடம் சொன்னீர்களா என்று கேட்டான். “நான் ஏன்டா சொல்லப்போறேன்? அவாளோட நான் பேசினதே நேத்திக்குத்தான்,” என்றார் அவர். ரங்கா வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் அம்மா மண்டபம் படித்துறையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். ஒரு வருஷத்துக்கு முன் அங்கேதான் அஸ்தியைக் கரைத்தார்கள். ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது, அழுகை வரவில்லை. நம்பினவர்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டால் அழுகைகூட ஒழுங்காக வருவதில்லை.

நவமியன்று தைரியராஜ் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. காவேரிப் பாலத்தில் வண்டி நகரவில்லை, கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவேன் என்றார். அத்திம்பேர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். ஐப்பசி மழை இரண்டு நாளாக விட்டு, வெயில் சுள்ளென்று அடித்தது. அக்கா சமையலறையில் பொடி டப்பாக்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். ரங்கா கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தான்.

“ரகு என்னிக்குக்கா போனான்?”

அவள் அடுத்த டப்பாவை எடுத்துச் சுற்றினாள்.

“நவமின்னு உனக்கு எப்படித் தெரியும்?”

டப்பா அவள் கையிலிருந்து நழுவி உருண்டது. அக்கா அதை எடுக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“டெத் சர்டிஃபிகேட்ல திங்கட்கிழமைன்னு இருக்கு,” என்றாள் மெதுவாக. “அதனாலதான் உனக்கு அனுப்பலை.”

“சனிக்கிழமை அடிபட்டவன் திங்கட்கிழமையா போனான்?”

“அவன் ஓட்டலைடா. இவர்தான் ஓட்டினார். குடிச்சிருந்தார்.”

பிறகு அவள் சொன்னதெல்லாம் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. மூஸ் மோதியதும் கார் சாலையை விட்டு இறங்கிவிட்டது. ரகு தூக்கி எறியப்பட்டுச் சதுப்பில் விழுந்தான். அடிபட்ட மிருகமும் தடுமாறிப் போய் அவன் இடது கால் மேலேயே சரிந்தது. காலை எடுக்க முடியவில்லை. உயிருக்கு ஆபத்தான காயம் வேறு ஒன்றும் இல்லை. அத்திம்பேர் கரையில் நின்று, “அக்காவையும் ஆளையும் கூட்டிண்டு வரேன், அசையாம இரு,” என்றார். அந்த வழியாக வந்த லாரியில் ஏறிப் போனார். ஊருக்குள் போய் ஒரு லாட்ஜில் அறை எடுத்தார்.

“போலீஸ்கிட்ட ஏன் போகலை?”

“குடிச்சிட்டு ஓட்டினா ஜெயில்டா அங்கல்லாம். வேலை போயிடும். எல்லாம் போயிடும்.”

“உனக்கு எப்பச் சொன்னார்?”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

“சனிக்கிழமை ராத்திரியே போன் பண்ணினார்.”

“நீ என்ன சொன்னே?”

“போதை இறங்கட்டும், காலம்பற போலாம்னேன். காலம்பற, இத்தனை நேரம் எங்க இருந்தேன்னு போலீஸ் கேட்டா என்ன சொல்றதுன்னு பயந்தார். ரோட்டோரம்தானே, இந்நேரம் யாராவது பாத்து எடுத்திருப்பான்னு நான்தான்… அப்படியே அந்த நாளும் போயிடுத்து. திங்கட்கிழமை விடிஞ்சப்புறம்தான் போனார். ரகு தனியா வண்டி எடுத்துண்டு போனான்னு போலீஸ்ல சொல்லிட்டார்.”

ரங்கா உருண்ட டப்பாவை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

“அந்த மூஸும் உடனே சாகலைடா,” என்றாள் அக்கா. இப்போது அவளால் நிறுத்த முடியவில்லை. “அங்க ராத்திரில தண்ணி உறைஞ்சு போகும். அதோட உடம்புச் சூட்டுலதான் ரெண்டு ராத்திரி உயிரோட இருந்திருக்கான். கழுத்து மயிருக்குள்ள ரெண்டு கையையும் விட்டுண்டு கிடந்தானாம். அது ஞாயித்துக்கிழமை ராத்திரி செத்துது. இவன் விடியற வேளையில. டாக்டர் சொன்னார்.”

ரங்காவால் அக்காவின் கையைப் பார்க்க முடியவில்லை. சாதம் பிசைந்து போட்ட கை. அதே கை போனைப் பிடித்துக்கொண்டு, காலம்பற போகலாம் என்று சொல்லியிருக்கிறது. முகம் தெரியாத யாரோ செய்திருந்தால் அவனை அடித்துக் கொன்றிருக்கலாம். இவளை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“ஒரு நிமிஷம்கூட கஷ்டப்படலைன்னு சொன்னாரேக்கா.”

“உனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு…”

“எனக்கா?”

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். மூக்கைச் சுளித்தாள்.

வாடை வந்துவிட்டது.

கூடத்துக் கடிகாரத்தில் மணி ஒன்று இருபத்தெட்டு. சமையலறைச் சுவரில் வியர்ப்பதுபோல் நீர் துளிர்த்தது. அக்காவின் வாயிலிருந்து மூச்சு புகையாக வெளியே வந்தது. திருச்சியில் பிறந்தவர்கள் யாரும் தங்கள் மூச்சை இந்த ஊரில் கண்ணால் பார்த்ததில்லை.

ச்ளுக்.

“ரங்கா, அது என்னடா?”

ச்ளுக். கிணற்றடியில். ச்ளுக். துணி தோய்க்கும் கல்லுக்குப் பக்கத்தில்.

அத்திம்பேர் கூடத்திலிருந்து ஓடிவந்து சமையலறை வாசலில் நின்றார். அவர் உதடு வெளுத்திருந்தது. கொல்லைக் கதவையே பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மார்பு மூச்சை இழுத்தது. இழுத்த மூச்சு வெளியே வர வெகு நேரம் பிடித்தது. அதன் நடுவில், மிக மெல்லிசாக, ஒரு மனிதக் குரல்.

“அத்திம்பேர்… வந்துட்டேளா?”

வாசலில் தைரியராஜின் ஹாரன் அடித்தது.

அத்திம்பேர் அப்படியே திரும்பி ஓடினார். செருப்புப் போடவில்லை, பெட்டி எடுக்கவில்லை, அக்காவைக்கூடக் கூப்பிடவில்லை. அக்கா ரங்காவின் கையைப் பற்றினாள். அவன் கையை உருவிக்கொண்டான். அவள் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்குப் போனாள். “என்னங்க ஆச்சு, பெட்டியெல்லாம் எங்கங்க?” என்று தைரியராஜ் கேட்பதும், “நீங்க வண்டியை எடுங்கோ, எடுங்கோ முதல்ல,” என்று அத்திம்பேர் கத்துவதும் கேட்டது. கார்க் கதவை அறைந்து சாத்தினார்கள். வீடு காலியானது.

ரங்காவுக்கும் பயம்தான். பல் கிட்டிப் போயிருந்தது. ஆனால் அண்ணன் ஒரு வருஷமாக வந்து பசியோடு நின்றுவிட்டுப் போயிருக்கிறான். இன்றுதான் அவன் நாள். ரங்கா காலையில் வடித்த சாதத்தை ஒரு இலையில் போட்டான். எள்ளையும் சொம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டான். தர்ப்பைப் பவித்திரத்தை விரலில் போட்டுக்கொண்டான். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினான்.

வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அதில் சூடு இல்லை. திவசத்துக்குத் தோய்த்த பஞ்சகச்ச வேஷ்டிகள் உயரமான மூங்கில் கொடியில் தரைக்கு நாலடி மேலே வரை தொங்கின. அவற்றின் பின்னால் அது நின்றது. துணி மறைத்ததால் உடம்பு தெரியவில்லை. கால்கள் தெரிந்தன. சாம்பல் நிறத்தில், நெடுநெடுவென்று, ஈரம் சொட்டச் சொட்ட.

நாலு கால்கள்.

அவற்றுக்கு நடுவில் இன்னும் இரண்டு. இடது கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் மடிந்திருந்தது.

ரங்கா மண்டியிட்டு இலையை வைத்தான். மந்திரம் நினைவில் வந்த வரைக்கும் சொன்னான். கோத்திரம் சொன்னான். ரகுநந்தன் என்று பெயர் சொன்னான். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, சப்தமி என்று சொல்லாமல் நவமி என்று சொன்னான். எள்ளும் தண்ணீரும் விரல் வழியே இறங்கின.

வேஷ்டிகளின் அடியிலிருந்து ஒரு தலை தாழ்ந்தது. நீளமான, தொங்கும் உதடுள்ள மூஞ்சி. கண்ணில் கலங்கலான தண்ணீர் நிறைந்திருந்தது. அது இலையை முகர்ந்து, நிதானமாகச் சாதத்தைத் தின்றது. ரங்கா அழுதுகொண்டே பார்த்தான். பயத்தையும் மீறி, சாப்பிடுகிறானே என்று அவனுக்கு ஒரு சந்தோஷம் வந்தது.

“போதுமாடா ரகு? இன்னும் கொண்டு வரட்டுமா?”

தலை மேலே போயிற்று. துணிக்குப் பின்னாலிருந்து, தண்ணீருக்கடியில் பேசும் குரலில் பதில் வந்தது.

“அக்கா எங்கடா? கூட்டிண்டு வரேன்னாரே அத்திம்பேர்.”

அவள் இல்லை என்று சொல்லிவிடலாம். தெரியாது என்று சொல்லலாம். வயிறு நிறைந்தாயிற்று, நீ போய் நிம்மதியாக இரு என்று காலில் விழலாம். வாத்தியாராக இருந்தால் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பார். அவன் மனதில் இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் வந்து நின்றன. சாலையில் ஒவ்வொரு தடவை வெளிச்சம் வரும்போதும் அக்கா வந்துவிட்டாள் என்று தலையைத் தூக்கிப் பார்த்திருப்பான் ரகு.

“இங்க இல்லடா. ஆத்துக்குக் கிளம்பிப் போயிண்டிருக்கா,” என்றான் ரங்கா.

பிறகு வழி சொன்னான். ஆட்டோக்காரருக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாகச் சொன்னான். டொரொண்டோ. தெருப் பெயர். கட்டடத்தின் நம்பர். பதினாலாவது மாடி. லிஃப்டிலிருந்து இறங்கினதும் வலது பக்கம் மூன்றாவது கதவு.

வேஷ்டிகள் ஒரு தடவை ஆடின. வெயில் சுட ஆரம்பித்தது. சிமெண்டுத் தரையில் தடம் எதுவும் இல்லை.

அடுத்த மாசம் சப்தமியும் போயிற்று, நவமியும் போயிற்று. அந்த மத்தியானம் முழுக்க ரங்கா கொல்லையில் இலை போட்டுவிட்டுக் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. சாதம் காய்ந்து போயிற்று. வீடு முன்னைவிடப் பெரிசாகத் தோன்றியது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் துவாக்குடி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தான். பால்பண்ணை சிக்னலில் பஸ் நின்றபோது போன் அடித்தது. அக்கா. அன்றைக்குப் பிறகு முதல் தடவையாகக் கூப்பிடுகிறாள். அங்கே இன்னும் முந்தின நாளின் ராத்திரி எட்டரை மணிதான் இருக்கும். எடுக்கக் கூடாது என்று நினைத்து, கடைசி மணியில் எடுத்தான்.

“ரங்கா.” அவள் குரலே சரியில்லை. “இங்க காரிடார்ல கம்பளம் பூரா ஈரமா இருக்குடா. மத்தியானத்திலேர்ந்து. பக்கத்து ஆத்துக்காரா வாட்ச்மேனைக் கூப்பிட்டா. ஏதோ பைப்புன்னு சொல்றான். அந்த வாடை…”

“அத்திம்பேர் எங்க?”

“பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திண்டுட்டார். திறக்க மாட்டேங்கறார். எவ்வளவு தட்டினாலும் திறக்கலை.” அவள் அழுதாள். “ரங்கா, அன்னிக்கு நாங்க போனப்புறம் நீ அவன்கிட்ட என்னடா சொன்னே?”

ரங்கா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். யாரோ அவன் காலை மிதித்தார்கள். போனுக்குள், தூரத்தில், லிஃப்ட் வந்து நின்ற மணி அடித்தது. கதவு திறந்தது.

“ரங்கா, ஏதாவது சொல்லுடா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். போடான்னு நீ சொன்னா அவன் கேப்பான். நீ சொன்னா கேப்பான்டா.”

சொல்லியிருக்கலாம். அவனுக்கு நாக்கு எழவில்லை. எழவில்லையா, எழுப்பவில்லையா என்பது அவனுக்கே தெரியாது.

அக்காவின் அழுகை நின்றது. போன் எதன் மேலோ மெத்தென்று விழுந்தது. பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை. சிக்னல் மாறி பஸ் கிளம்பியது. அணைத்துவிடலாம் என்று ரங்கா போனைக் காதிலிருந்து எடுக்கப் போனபோது, அந்தப் பக்கம் யாரோ அதைக் கையில் எடுத்தார்கள். காதுக்கு மிக அருகில், தண்ணீருக்கடியிலிருந்து, பிரியமாக ஒரு குரல் பேசியது.

“வழி சரியாச் சொன்னேடா ரங்கா.”